மார்கழியில் வரும் முட்டை நாற்றம்: யார் மேல் மனுப் போடுவது?

வந்த கடிதம்

ஆற்காட்டுக்குப் பக்கத்தில், பாலாற்றின் தென்கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். சாரம் இதுதான்.

ஓய்வுக்காலப் பணத்தில் மனை வாங்கி, வீடு கட்டிக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கார்த்திகை பிறந்ததும் விடியற்காலையில் அழுகிய முட்டை நாற்றம் வீசத் தொடங்குகிறது. மார்கழி, தையில் தாங்க முடிவதில்லை. வாசல் தெளித்துக் கோலம் போட எழும் மனைவிக்குத்தான் முதலில் தெரியும். தலைவலியோடு உள்ளே வருவார். வெயில் ஏறியதும் நாற்றம் போய்விடும். ஆடி மாதத்தில் அறவே இருக்காது. பேத்திக்கு வீசிங் உண்டு, குளிர்காலத்தில் அடிக்கடி நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் வெள்ளிக் கொலுசு, துலக்கிய சில நாட்களில் கறுத்துவிடுகிறது.

ஆற்றுக்கு அக்கரையில், ராணிப்பேட்டைத் தோல் ஆலை வளாகத்தில், உயரமான புகைபோக்கியோடு தெரியும் ஓர் ஆலைதான் காரணம் என்பது அவர் முடிவு. மார்கழி ராத்திரிகளில் மட்டும் திருட்டுத்தனமாக ‘சல்ஃபர் கேஸ்’ திறந்துவிடுகிறார்கள் என்கிறார். இணையத்தில் ஒரு கருவி வாங்கி அளந்தார், பூஜ்யம் காட்டியது. செல்போனில் காற்றுத் தரக் குறியீடு ‘திருப்திகரம்’ என்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேட்டால் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் “இது எண்ணூரிலிருந்து வருகிறது” என்கிறார், இன்னொருவர் “பைபாஸ் லாரிகளின் டீசல் புகை” என்கிறார்.

“எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள். போலீசில் புகார் கொடுத்து ஆலையை மூடவைக்க முடியுமா? பேத்தியின் மருத்துவச் செலவு கிடைக்குமா? ஆலைக்குப் பிறகு குடிவந்த எங்களுக்கு உரிமை உண்டா? மைத்துனர் மகன் அந்த வளாகத்தில்தான் வேலை பார்க்கிறான், என் பெயர் வராமல் செய்ய முடியுமா?” என்று கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள ஐயா,

உங்களுக்கு யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒரு வாயுவைப் பற்றிக் கேட்டீர்கள், வாரியம் வேறொரு வாயுவைப் பற்றிப் பதில் சொன்னது. இந்தக் குழப்பத்தோடு நீங்கள் மனுப் போட்டிருந்தால் “கந்தக டை ஆக்சைடு அளவு வரம்புக்கு உட்பட்டே உள்ளது, மனு முடிக்கப்படுகிறது” என்று இரண்டு வரியில் ஒரு கடிதம் வந்திருக்கும். நியாயமான புகார்கள் இப்படி முடிந்துபோவதை நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே சட்டத்துக்குப் போகும் முன் கொஞ்சம் வேதியியல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கந்தகம் கலந்த எரிபொருள் எரியும்போது புகைபோக்கி வழியே வருவது கந்தக டை ஆக்சைடு. அதற்கு முட்டை நாற்றம் கிடையாது. தீக்குச்சியை உரசியதும் மூக்கில் சுரீரென்று ஏறுமே, அந்தக் காரம்தான் அதன் நெடி. குடியாத்தம் பக்கம் தீப்பெட்டி வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதற்கான 24 மணி நேர வரம்பு நம் நாட்டில் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்ன அளவு 40. வரம்பைப்போல் சுமார் பத்து மடங்கு ஏறினால்தான் நம் மூக்குக்கே அது தெரியும். ஆகவே நெடி இல்லை என்பதால் அந்த வாயு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு உரியது. அது பெரும்பாலும் புகைபோக்கியிலிருந்து வருவதில்லை. வாய்க்கால், தொட்டி, குழி, தேங்கிய கழிவு என்று தரை மட்டத்திலிருந்து கிளம்புகிறது. தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் ஆலை, வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரை சல்ஃபைடு தண்ணீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். பின்னால் தோலை ஊறவைக்கும் அமிலத் தண்ணீரும் இந்தச் சுண்ணாம்புத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சந்தித்தால், அந்த இடத்திலேயே வாயு கிளம்பும். இன்னொரு வழியும் உண்டு. தோல் பதனிடக் குரோமியம் சல்ஃபேட், அமோனியம் சல்ஃபேட், கந்தக அமிலம் எல்லாம் பயன்படுவதால் கழிவுநீரில் சல்ஃபேட் மிகுதி. காற்றுப் படாமல் அது தேங்கிக் கிடந்தால் ஒருவகை பாக்டீரியா அதை மெல்ல ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். ஊர்ச் சாக்கடையிலும் இதேதான் நடக்கிறது. அதனால் முதல் வேலையாக உங்கள் குடியிருப்பின் சாக்கடை எங்கே போய்த் தேங்குகிறது என்று பகலில் நடந்து பார்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

இனி உங்கள் செல்போன். 2009ல் வெளியான தேசியக் காற்றுத் தர அறிவிக்கை 12 மாசுகளுக்கு வரம்பு சொல்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் இல்லை. 8 மாசுகளை வைத்துக் கணக்கிடும் காற்றுத் தரக் குறியீட்டிலும் இல்லை. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாலும் குறியீடு பச்சையாகத்தான் இருக்கும்.

உங்கள் கருவியும் பழுதில்லை என்றே நினைக்கிறேன். இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளியின் உயிரைக் காக்க எச்சரிக்கை மணி அடிப்பவை. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவையொட்டித்தான் அவை விழிக்கும். மனித மூக்கு அதில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கண்டுபிடித்துவிடும். தெருவில் வீசும் நாற்றத்துக்கு அந்தக் கருவி பூஜ்யம் காட்டுவது இயல்பு.

மார்கழியில் ஏன், ஆடியில் ஏன் இல்லை

“மார்கழியில் மட்டும் திறந்துவிடுகிறார்கள்” என்பதை மனுவில் எழுதாதீர்கள். அதை உங்களால் நிரூபிக்க முடியாது. ஆண்டு முழுவதும் கசிந்துகொண்டே இருந்தாலும் மார்கழியில் மட்டும்தான் உங்கள் வாசலுக்கு வரும் என்பதற்குக் காற்றே போதுமான காரணம்.

பனிக்காலத்தில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே இருப்பது வெதுவெதுப்பான காற்று. பானைக்கு மூடி போட்டதுபோல் கீழே கிளம்பும் எதுவும் மேலே ஏற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வடியும் என்பதால் ஆற்றுப் படுகையிலும் அதன் கரையிலும் இது இன்னும் மோசம். அதோடு ஐப்பசியிலிருந்து நம் பக்கம் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. ராணிப்பேட்டையின் காற்று தெற்கே ஆற்காட்டுக்கும் மேற்கே வேலூர்ப் பக்கமும் திரும்பும் காலம் அது. சூரியன் ஏறித் தரை சூடானதும் மூடி உடைந்து எல்லாம் கலைந்துபோகிறது. உங்கள் மனைவி கோலப்பொடியோடு வாசலில் நிற்பது, நாற்றம் கெட்டியாக இருக்கும் நேரம்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று நாற்றத்தை வாலாஜா, காவேரிப்பாக்கம் பக்கம் தள்ளிக்கொண்டு போகும், போகிற வழியில் கலைத்தும் விடும். ஆடியில் உங்களுக்கு இல்லாதது கிழக்கே யாருக்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் உங்கள் வழக்கு இரண்டு மடங்கு வலுக்கும். இரண்டு திசையிலிருந்து இழுத்த கோடுகள் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும் அல்லவா?

எண்ணூரும் லாரியும்

வாட்ஸ்அப் குழுவில் சொன்னவர்களையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். முட்டை நாற்றம் எண்ணூரிலிருந்து வராது. நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மூக்கைத் துளைக்கும் அளவுக்கு அது மிஞ்சாது. நாற்றம் என்றால் சில கிலோமீட்டருக்குள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அனல்மின் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடு வேறு வகை. காற்றில் ஓரிரு நாட்களுக்குள் அது சல்ஃபேட்டாக மாறி, அமோனியாவோடு சேர்ந்து நுண்துகளாகிவிடுகிறது. ஈரக் காற்றிலும் மேகத்திலும் இந்த மாற்றம் இன்னும் வேகம். அந்தத் துகள் பல நாட்கள் மிதக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். எண்ணூர், வல்லூர், நெய்வேலி எல்லாம் அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கின்றன. நம் காற்றிலுள்ள நுண்துகளில் இந்த வெளியூர்ப் பங்கும் கலந்திருக்கிறது. அதற்கு வாடையும் கிடையாது, வாயுவை அளக்கும் கருவியில் கந்தகமாகவும் பதிவாகாது. 2015 டிசம்பரில் மத்திய அரசு மின்நிலையங்களுக்குக் கந்தக வரம்பு விதித்து, இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு திரும்பத் திரும்ப நீண்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குப் புகையைக் கழுவும் கருவியே கட்டாயமில்லை என்றாகிவிட்டது. அந்தக் கருவிகளைச் செய்யும் ஆலைகளில் ஒன்று நம் ராணிப்பேட்டையிலுள்ள பெல் (BHEL) என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை என்பது ஒரு வேடிக்கை. இது கொள்கைச் சண்டை. உங்கள் மனுவில் இதைக் கலந்தால் “காரணம் வெளியூர்தான்” என்று ஆலைக்கு நீங்களே வாதம் எடுத்துக்கொடுத்தது ஆகும்.

லாரி விஷயம் எளிது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுத் தரம்) டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். லாரியின் கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் கெடுதல் செய்யும், ஆனால் கந்தகப் பழியை அதன் மேல் போட முடியாது. பாய்லரில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயிலைப் பாருங்கள். அதில் கந்தகம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 200 கிலோ எரிக்கும் பாய்லரிலிருந்து 7 கிலோ கந்தகம், அதாவது 14 கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறும். புகைபோக்கியின் உயரத்தையே விதிகள் இந்தக் கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன பாய்லருக்குச் சுமார் 31 மீட்டர் வரும். உயரம் கந்தகத்தில் ஒரு கிராமைக்கூடக் குறைப்பதில்லை, தள்ளிப் போய் விழவைக்கிறது. நீங்கள் சந்தேகப்படும் உயரமான புகைபோக்கி உங்கள் பேத்தியின் மூச்சுக்குக் காரணமாக இருக்கலாம். முட்டை நாற்றத்துக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள்.

கொலுசை எடுத்து வையுங்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி கொலுசு கறுக்கிறது என்பதுதான். வெள்ளியைக் கறுக்கவைப்பது சல்ஃபைடு. 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டம் ‘காற்று மாசு’ என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், மனிதர், பிற உயிர், தாவரம் இவற்றோடு ‘சொத்து’க்கும் தீங்கு செய்யக்கூடியது என்று சேர்த்தே சொல்கிறது. தேசியத் தர அட்டவணையில் ஒரு வாயுவின் பெயர் இல்லாததால் அது மாசு இல்லை என்று ஆகிவிடாது. கறுத்த கொலுசு சட்டப்படி தீங்குக்குள்ளான சொத்து!

இதை முறையாகச் செய்யுங்கள். ஒரே மாதிரி துலக்கிய வெள்ளித் துண்டும் செம்புத் துண்டும் உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஜோடி, ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு ஜோடி, மழை படாமல் தொங்கட்டும். 30 நாள் கழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கணினி அறைகளில் அரிக்கும் வாயுவைச் சோதிக்கத் தொழில்முறையில் கையாளும் வழியே இதுதான்.

கூடவே ஒரு நோட்டு. தேதி, நாற்றம் தொடங்கிய நேரம், விட்ட நேரம், ஊதுவத்திப் புகை எந்தப் பக்கம் சாய்ந்தது, யாருக்கு என்ன உபாதை. நாலைந்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதாமல் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில் இருக்கும் நோட்டுகளை நீதிபதிகள் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார்கள்.

உங்கள் கருவியின் அளவோ தனியார் ஆய்வக அறிக்கையோ ஆலையின் மேல் குற்றத்தை நிறுவப் போதாது. புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் முறையைக் காற்றுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது, அந்த வழியில் வாரியம் எடுப்பதே சட்டப்படி செல்லும். இருந்தாலும் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தை வைத்து ஒரு விடியற்காலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளந்து வைத்துக்கொண்டால், வாரியத்தைக் களத்துக்கு இழுக்க அது உதவும். விடியற்காலை என்பது முக்கியம். பகலில் வந்து அளந்துவிட்டு ஒன்றுமில்லை என்று போக விடாதீர்கள்.

ஒரு கண்டிப்பு: ஆதாரம் தேடி இரவில் கழிவுநீர்த் தொட்டிப் பக்கமோ மூடிய வாய்க்காலுக்குள்ளோ போகாதீர்கள். இந்த வாயு அளவு மீறும்போது மூக்கை மரத்துப்போக வைக்கும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் இடத்தில்தான் உயிர் போகும்.

எந்தக் கதவைத் தட்டுவது

போலீஸ் நிலையம் இதற்கு ஏற்ற இடமில்லை. முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு வாரியத்திடம் ஒரு மனு: அந்த வளாகத்து ஆலைகளின் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் நிபந்தனைகளோடு தரும் அனுமதி) நகல்கள், அனுமதிக்கப்பட்ட எரிபொருள் எது, எவ்வளவு, கடைசி மூன்று ஆண்டுப் புகைபோக்கி அறிக்கைகள், கழிவுநீரில் சல்ஃபைடு அளவு, சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக் குறிப்புகள். 30 நாளில் பதில் வர வேண்டும். இசைவாணையைப் படிக்காமல் எழுதும் புகார் இருட்டில் கல் எறிவதுதான். விறகு என்று அனுமதி வாங்கிவிட்டு வேறெதையோ எரிப்பது போன்ற சங்கதிகள் அந்தக் காகிதத்தில்தான் அகப்படும்.

அதன் பிறகு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் எழுத்துப்பூர்வ புகார். 2019ல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து வேலூருக்கு எழுதுவதா ராணிப்பேட்டைக்கு எழுதுவதா என்ற குழப்பத்தில் காகிதங்கள் பயணம் செய்துகொண்டே இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடுங்கள். காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவின்படி ஆலையை மூடவும், மின்சாரம், தண்ணீரை நிறுத்தவும் உத்தரவிட வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. பொதுத் தொல்லை என்ற அடிப்படையில் கோட்டாட்சியரிடமும் போகலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. மாசுச் சட்டங்கள் வந்துவிட்டதால் அந்த அதிகாரம் போய்விடவில்லை என்று 2003ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவை நகரவில்லை என்றால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். காரணம் முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இதைச் சாக்கிட்டு ‘பல வருடமாக இருக்கிறதே, இப்போது என்ன’ என்ற ஆட்சேபணை வரும் என்பதால், இந்தப் பருவத்தின் தேதிகளோடும் வாரியத்தின் பதிலோடும் போவது நல்லது.

மூடச் சொல்லிக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. மைத்துனர் மகன் வேலைக்காகச் சொல்லவில்லை. மூடும் உத்தரவுக்கு மேல்முறையீடு, தடை என்று போய்க்கொண்டே இருக்கும், நாற்றம் அப்படியே இருக்கும். அதைவிடக் குறிப்பாகக் கேளுங்கள்: சுண்ணாம்புக் கழிவும் அமிலக் கழிவும் தனித்தனி வாய்க்காலில் போக வேண்டும், வாய்க்காலுக்கு மூடி வேண்டும், சல்ஃபைடு கழிவை மற்றதோடு கலக்கும் முன் காற்று செலுத்தி ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும், எல்லையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவி வைத்து அளவுகளை வெளியிட வேண்டும். சல்ஃபைடுக்குப் பதில் நொதி கொண்டு முடி எடுக்கும் முறைகளைச் சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. “முடியாது” என்ற பதிலுக்கு அதைக் காட்டலாம்.

இழப்பீடும் மற்றவையும்

பேத்தியின் செலவு பற்றி: தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் குறிப்பிட்ட ஆலையால்தான் இந்தக் குழந்தைக்கு இந்த உபாதை என்று காட்டுவது கடினம். தூசி, பனி, குடும்ப வாகு என்று நூறு காரணம் சொல்வார்கள். கந்தக டை ஆக்சைடு ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயைச் சில நிமிடத்திலேயே இறுக்கும் என்பது மருத்துவ உண்மை, ஹைட்ரஜன் சல்ஃபைடு கண்ணெரிச்சலும் தலைவலியும் தரும். நான் மருத்துவர் இல்லை. குழந்தையின் நுரையீரல் மருத்துவரிடம் நோட்டைக் காட்டி, தேதிகளை அவர் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். சீட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். இப்போதைக்கு இழப்பீட்டை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டாம் என்பேன்.

‘பிறகு வந்தவர்கள்’ என்ற வாதம் உங்களை வாயடைக்க உள்ளூரில் நன்றாகவே செல்லுபடியாகும். நீதிமன்றத்தில் செல்லாது. இசைவாணையின் நிபந்தனைகள் நீங்கள் குடிவந்தாலும் வராவிட்டாலும் ஆலையைக் கட்டுப்படுத்தும்.

உங்களுக்கு ஒரு பழைய துணையும் இருக்கிறது. தோல் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், தன் செயல் தீங்கற்றது என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆலை மேல்தான் என்ற கொள்கைகளை அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. முன்னெச்சரிக்கையும் மாசு செய்தவர் ஈடு கட்டுவதும் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலேயே இடம்பிடித்துவிட்டன. அது தண்ணீர் வழக்கு, உங்களுடையது காற்று, கொள்கை ஒன்றுதான். 2009ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியலில் ‘வேலூர் – வடஆற்காடு’ 81.79 மதிப்பெண்ணோடு நாட்டில் எட்டாவது இடத்தில் இருந்தது. 70ஐத் தாண்டினாலே கடும் மாசுப் பகுதி. இதையும் மனுவில் ஒரு வரி சேருங்கள்.

கடைசியாகப் பெயர் விஷயம். பெயரில்லாத மனுவை நான் ஊக்குவிப்பதில்லை, அது குப்பைக்குத்தான் போகும். குடியிருப்போர் நலச் சங்கம் பதிவு பெற்றிருந்தால் அதன் பெயரில், தீர்மானம் போட்டுக் கொடுக்கலாம். பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்தால் உங்கள் பெயர் பத்தோடு பதினொன்றுதான். கடிதத்தை வைத்தே தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுக்கலாம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது, அந்த வழியும் திறந்திருக்கிறது. உங்கள் மனைவியே மனுதாரராக வர ஒப்புக்கொண்டால், பெண் என்ற முறையில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வக்கீல் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும். நாற்றத்தை முதலில் அறிபவரும் அவர்தான், சாட்சியாகவும் நிற்பார். மைத்துனர் மகனிடம் மட்டும், மனுப் போடும் முன்பே, நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.